ஜெபமணிக்கு எழுதிக் குடுத்த மனு

அந்தக் கவருக்குள்ள என்ன இருக்குன்னு நான் கேக்கவே வேண்டாம் சார். பதிவாளர் ரூம் வாசல்ல, மத்தியான நேரத்துல, பழுப்புக் கவரை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒரு ஆளு உக்காந்திருந்தா அது மேல்முறையீடுதான். லைப்ரரியில இருந்து ஒருத்தரை எடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், அது நீங்கதானா? சரி, சரி. காரணம் சொல்ல வேண்டாம். காரணம் எல்லாருக்கும் ஒண்ணுதான், அடுத்தவன் செஞ்சது. நல்லா சாஞ்சு உக்காருங்க. ஐயா உள்ள சாப்பிடுதாரு. சாப்பிட்டா கொஞ்ச நேரம் கண்ண மூடி யோசிப்பாரு. அதுவரைக்கும் கதவு தொறக்காது.

என் பேரு சிவனணைஞ்ச பெருமாள். பட்டமளிப்புப் பிரிவு. என்னையும் இதே யூனிவர்சிட்டியில டிஸ்மிஸ் பண்ணுனாங்க. மேல்முறையீடு போட்டு திரும்ப உள்ள வந்தவன் நான். அதனால சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. ஆனா ஒண்ணு. எனக்கு யாரு மேலயும் பொறாமை கிடையாது. இந்தக் கதையில ஜெபமணின்னு ஒருத்தன் வருவான். அவனப் பத்திப் பேசும்போது உங்களுக்கு அப்பிடித் தோணலாம். தோணுனா அது உங்க பார்வைக் கோளாறு.

நானும் அவனும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம். நான் காலையில கையெழுத்துப் போட்டேன், அவன் மத்தியானம் வந்தான். அப்ப யாரு சீனியர்? நீங்களே சொல்லுங்க. படிப்புன்னு எடுத்தா, நான் பகல்ல வேலை பாத்துக்கிட்டே ஈவினிங் காலேஜ்ல பி.ஏ. முடிச்சவன். பெறவு தொழிலாளர் சட்டத்துல டிப்ளமோ, அதுவும் ஈவினிங்தான். கரண்டு போனா வாத்தியார் போயிருவாரு, நான் மெழுகுவத்தி வச்சு உக்காந்திருப்பேன். ஜெபமணி பிளஸ் டூ. அதுக்கு மேல படிக்கணும்னு அவனுக்குத் தோணவே இல்ல. தோணாமலே சந்தோசமா இருக்கான், அதுதான் எனக்குப் புரியல.

ஆனா பட்டமளிப்பு விழான்னா மேடையில, வேந்தருக்குப் பக்கத்துல, கோட்டு போட்டுக்கிட்டு நிக்கது யாரு? ஜெபமணி. அது என்ன சொந்தக் கோட்டா? மச்சான் கல்யாணக் கோட்டு. எங்க சூப்பிரண்டு சொன்னாரு, ஜெபமணி முகத்துக்கு மேடை பொருந்தும் பெருமாளுன்னு. அப்ப என் முகத்துக்கு எது பொருந்தும்னு நான் கேக்கல. பக்கவாட்டுக் கதவு. வருசா வருசம் எனக்கு அதுதான்.

வேலை என்னன்னா, பாத்துக்கிடுங்க, டாக்டர் பட்டம் வாங்குதவங்கள நான் வரிசையா நிப்பாட்டணும். அதே வரிசையில பட்டத்தையெல்லாம் ஃபோல்டர்ல போட்டு ஜெபமணி மேடை மேசையில அடுக்கி வச்சிருப்பான். ஃபோல்டர் மேல பேரு கிடையாது, பேரு உள்ள இருக்கும். ஆளு வருவாங்க, வாசிக்கவர் பேரை வாசிப்பாரு, ஜெபமணி மேல இருக்கத எடுத்து வேந்தர் கையில குடுப்பான், அவரு குடுத்து சிரிப்பாரு, போட்டோ. பிரிச்சுப் பாக்க நேரமெல்லாம் கிடையாது. அப்ப வரிசையில நிக்க ஒரு ஆளு திடீர்னு வெளிய போயிட்டா? அந்த ஆளோட ஃபோல்டரை எடுத்து மேசைக்கு அடியில போடணும். இல்லாட்டி பின்னால வர எல்லாருக்கும் மாறிரும். அத மேடைக்கு எப்பிடிச் சொல்லுதது? கத்த முடியுமா? அதுக்குத்தான் கர்ச்சீப். வெள்ளைக் கர்ச்சீப் என் கையில இருக்கும். ஒருதடவை தூக்குனா ஒரு ஃபோல்டரை எடுன்னு அர்த்தம். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடிச்சதே நான்தான். பேரு வாங்குனது யாருன்னு சொல்ல வேண்டாமே.

என்னைய டிஸ்மிஸ் பண்ணுன வருசம், மே மாசம். ஹால்ல ஏசி வேலை செய்யல. மேடையில மட்டும் ரெண்டு பெரிய கூலர், ஜெபமணிக்குக் கோட்டு காத்துல ஆடுது. என் கதவுப் பக்கம் காத்தே கிடையாது. வரிசையில ஒரு பொண்ணு, தாவரவியல், வயித்தப் பெரட்டுதுன்னு ஓடிட்டா. நான் கர்ச்சீப்பை தூக்குனேன். ஜெபமணி பாத்தான், ஒரு ஃபோல்டரை எடுத்து அடியில போட்டான். எல்லாம் சரியாப் போச்சு. பெறவு கொஞ்ச நேரம் கழிச்சு எங்கயோ ஒண்ணு தப்பிப் போச்சு. எங்கன்னு அப்ப யாருக்கும் தெரியல. கடைசி ஆளு மேடை ஏறும்போதுதான் தெரிஞ்சுது. கடைசியில நின்னது ரிட்டயர்டான ஹெட்மாஸ்டர் ஒருத்தரு. வேலை பாத்த காலம் பூரா ஆராய்ச்சி பண்ணி, ஒரு வழியா பட்டம் வாங்க வந்திருக்காரு. பேரை வாசிச்சாச்சு. வேந்தர் கைய நீட்டுதாரு, ஜெபமணி மேசையப் பாக்கான், மேசையில ஒண்ணுமே இல்ல. வேந்தர் வெறுங்கையக் குடுத்து குலுக்கி அனுப்பிட்டாரு. அந்த மனுசன் இறங்கி வந்தாரு பாருங்க, கையில பட்டத்தைப் பிடிச்சிருக்க மாதிரியே கைய வச்சுக்கிட்டு.

கீழ போயி எல்லாரும் ஃபோல்டரைப் பிரிக்காங்க. இயற்பியல்காரிக்கு சைவ சித்தாந்தம். கணக்குக்காரருக்கு மீன்வளம். ஒரு பொண்ணுக்காக ஊரே வேன் பிடிச்சு வந்திருக்கு, அது கையில இருந்த பட்டத்துல அந்தோணி சவரிமுத்துன்னு போட்டிருக்கு. மறுநாள் பேப்பர்ல வந்துச்சு.

மேசைக்கு அடியில ரெண்டு ஃபோல்டர் கெடந்துச்சு. வரிசையில இருந்து போனது ஒரே ஒரு பொண்ணு. அப்ப ரெண்டாவதை யாரு எடுத்தா? நானா? நான் மேடைக்குப் பக்கத்துலயே போகல. இத விசாரணையில தெளிவாச் சொன்னேன். ஜெபமணிகிட்ட கேட்டா, ஞாபகம் இல்லைங்கான். விசாரணை அதிகாரி யோசிச்சுப் பாத்தாரு. ஒருத்தனை எடுத்தா ஒருத்தன் கோர்ட்டுக்குப் போவான், ரெண்டு பேரையும் எடுத்தா நியாயம் மாதிரி இருக்கும். எடுத்துட்டாங்க.

அப்ப என் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சிருந்தோம். கோவில்பட்டி. அவங்களுக்குச் சேதி போச்சு. வேலை விசயம் முடியட்டும், பெறவு பேசலாம்னு மரியாதையாச் சொன்னாங்க. எங்க வீட்டுல சந்தனமாரி மாவு அரைச்சு விக்க ஆரம்பிச்சா. நான் கோர்ட்டு வாசல்ல ஒரு நோட்டரி பக்கத்துல உக்காந்து டைப் அடிச்சேன். ஜெபமணி லோடு ஆட்டோ ஓட்டுனான். அதுலயும் பாருங்க, மார்க்கெட்டுல வெங்காய மண்டிக்காரன் அவனுக்கு மட்டும் டீ வாங்கிக் குடுப்பானாம். என்னத்துக்கு?

நான் மேல்முறையீடு எழுத உக்காந்தேன். சட்டம் படிச்சது எதுக்கு? இயற்கை நீதி, தன்னிச்சையான பாகுபாடு, எல்லாம் போட்டேன். எங்கயோ ஒரு மில்லு வழக்கு, எங்கயோ ஒரு போக்குவரத்துக் கழக வழக்கு, எல்லாத்தையும் இழுத்தேன். ஜெபமணி எங்கெங்க தப்புப் பண்ணிருக்கான்னு ஒரு அத்தியாயம். அது கொஞ்சம் நீளமாப் போயிட்டு. நாப்பது பக்கம்.

அதை எழுதி முடிக்கும்போது அவனே வாரான் சார். கையில ஒரு சீப்பு மட்டிப்பழம். அண்ணாச்சி, எனக்கு எழுத வராது, நீங்கதான் எழுதித் தரணும்ங்கான். நான் நாப்பது பக்கத்தையும் திருப்பி வச்சேன். என்ன எழுதணும்னு கேட்டேன். ரெண்டாவது ஃபோல்டரை ஏம்லே எடுத்தன்னு கேட்டேன். என்னையப் பாத்தான். காப்பி கொண்டு வந்த சந்தனமாரியப் பாத்தான். உள்ள என் மக படிச்சிட்டிருந்தா, அந்தப் பக்கமும் பாத்தான். பெறவு சொன்னான்.

"கை தவறிட்டு அண்ணாச்சி. அப்பிடியே எழுதுங்க. எங்க வீட்டுல ரெண்டே பேருதான், எங்களுக்கு என்ன."

இதுதான் அவன் சொன்னது. நான் எழுதுனேன். ஒரே பக்கம். இன்னிக்கும் எனக்கு மனப்பாடம். 'ஐயா, நான் மேடையில் நின்றேன். வரிசையில் ஒரு மாணவி குறைந்தார். நான் இரண்டு உறைகளை எடுத்துவிட்டேன். ஒரு பெரியவர் வெறுங்கையோடு இறங்கிப் போனார். அவர் முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும். மன்னித்துத் திரும்பக் கொடுங்கள்.' அவ்வளவுதான். அவன் சொல்லச் சொல்ல எழுதுனது. ஒரு சட்டப்பிரிவு கிடையாது, ஒரு வழக்கு கிடையாது. நான் மெழுகுவத்தி வச்சுப் படிச்சதை மட்டிப்பழத்துக்குக் குடுக்க முடியுமா? எழுதி முடிச்சதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. இது நிக்காது. பாவம்னுகூட நினைச்சேன்.

சிண்டிகேட்டுல இருந்து மூணு பேரு உக்காந்து விசாரிச்சாங்க. நடுவுல ஒரு காலேஜ் முதல்வர் அம்மா. எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாவே கூப்பிட்டாங்க. அந்த அம்மா கையில ஜெபமணி மனு. வாசிச்சாங்க. திரும்பவும் வாசிச்சாங்க. கண்ணாடியக் கழத்தித் தொடைச்சாங்க.

"இதை எழுதுனது யாரு?"

"அண்ணாச்சிதாம்மா எழுதித் தந்தாங்க"ன்னு ஜெபமணி என்னையக் கைகாட்டுதான்.

அந்த அம்மா பக்கத்துல இருந்த என் மனுவை ரெண்டு கையால தூக்குனாங்க.

"அப்ப இதை எழுதுனது யாரு?"

"அதுவும் நான்தாம்மா."

ஓரத்துல இருந்த உறுப்பினர் இருமுனாரு. இருமல் மாதிரிதான் இருந்துச்சு. சார், நான் எழுதுன மனு என்னையவே தோக்கடிச்சுட்டு. கையெழுத்து என்னது, வாக்கியம் என்னது, முற்றுப்புள்ளி என்னது. கண்ணாடியத் தொடைச்சது அவனுக்கு.

அதோட விட்டாங்களா? ஒரு வீடியோ போட்டாங்க. வரிசையில நின்ன ஒரு பொண்ணோட அப்பா செல்போன்ல எடுத்தது. பொண்ணுக்குப் பின்னால நான் நிக்கேன். நல்லாத்தான் விழுந்திருக்கேன். ஓடிப்போன பொண்ணு ஓடுது, நான் கர்ச்சீப்பைத் தூக்குதேன், எல்லாம் சரி. பெறவு கொஞ்சம் ஓட்டி, ஒரு இடத்துல நிப்பாட்டி, இது என்ன பெருமாள்னு கேட்டாங்க. பாத்தேன். வேர்வை தொடைக்கேன் அம்மான்னேன். நெத்தியில இருந்து வேர்வை ஊத்துது, கர்ச்சீப்பைத் தூக்கித் தொடைக்கேன், அவ்வளவுதான். மே மாசம், காத்தே இல்லாத கதவு, நானும் மனுசன்தான? மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. வேர்வையில என்னத்தக் கண்டாங்களோ.

அந்த அம்மா ஜெபமணி பக்கம் திரும்புனாங்க.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இவரு கர்ச்சீப்பைத் தூக்குனதைப் பாத்துதான ரெண்டாவதை எடுத்தீங்க?"

ஜெபமணி தரையப் பாத்தான். இல்லம்மான்னான்.

"அண்ணாச்சி ஒருதடவைதான் காட்டுனாங்க. ரெண்டாவது நானா எடுத்தது. மனுவுல இருக்கதுதாம்மா உண்மை."

பாத்தீங்களா? நான் நாப்பது பக்கத்துல நிரூபிக்க முயற்சி பண்ணுனத அவனே ரெண்டு வார்த்தையில ஒத்துக்கிட்டான். எனக்கு ஒரு பக்கம் சந்தோசம். ஆனா ஒத்துக்கிட்ட உடனே அந்த ரூம்ல அவனுக்குக் கெடச்ச மரியாதை இருக்கே! அந்த அம்மா தண்ணி குடிங்க ஜெபமணின்னாங்க. தப்பே பண்ணாத எனக்கு யாரும் தண்ணி குடுக்கல.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சந்தனமாரிகிட்ட பூராவும் சொன்னேன். வீடியோவைப் பத்தியும் சொன்னேன். மாவு அள்ளிக்கிட்டிருந்தவ கைய நிப்பாட்டிட்டு, காட்டுத கர்ச்சீப்பும் தொடைச்ச கர்ச்சீப்பும் ஒண்ணான்னு கேட்டா. ஒண்ணுதான், வேற எதால தொடைக்க, உன் சேலையாலயான்னேன். எப்பவும் இந்த மாதிரிப் பேச்சுக்குத் திருப்பிக் குடுப்பா. அன்னைக்கி மாவுச் சட்டியையே பாத்துட்டு இருந்தா. பெறவு, ஜெபமணி அண்ணன் என்ன சொன்னாங்கன்னு கேட்டா. சொன்னேன். முந்தானையால மூக்கைத் தொடைச்சுக்கிட்டா. பொம்பளைங்களுக்கு அவன் பேரைக் கேட்டாலே ஏதோ ஆயிருது.

ஆர்டர் வந்துச்சு. ரெண்டு பேருக்கும் வேலை திரும்பக் கெடச்சுது. என் மேல குற்றமே இல்லைன்னு எழுதியிருந்தாங்க, பழைய சம்பளம், பழைய சர்வீஸ், ஒரு கீறல் இல்ல. ஜெபமணிக்கு இன்கிரிமெண்டை வெட்டி, மேடை வேலையில இருந்தும் தூக்கிட்டாங்க. சட்டப்படி பாத்தா ஜெயிச்சது நான். அன்னைக்கி எங்க பிரிவுல மாலை வாங்கியிருந்தாங்க. எனக்கும் போட்டாங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஜெபமணிக்கு மாலை போட்டவன் கட்டிப் பிடிச்சான். எனக்கு மாலை போட்டவன் அடுத்த நிமிசம் மாலையக் கழத்திக் குடுங்க, சாமிபடத்துக்குப் போடணும்ங்கான்.

மகள் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. கோவில்பட்டிக்காரங்களே தேடி வந்து தேதி குறிச்சாங்க. கல்யாணத்துல ஜெபமணி பந்தி விசாரிச்சான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கெளம்பும்போது என் கையப் பிடிச்சு, பந்தி கவனிச்சவரு யாருங்க, உங்க தம்பியான்னு கேக்காங்க. பொண்ணைப் பெத்தவன் நான் நிக்கேன்.

அடுத்த பட்டமளிப்புல மேடைக்கு யாருன்னு நினைக்கீங்க? நான். கோட்டு தைச்சேன், சொந்தக் கோட்டு. வேந்தருக்குப் பக்கத்துல, கூலர் காத்துல நிக்கேன். இதுக்குத்தான் இத்தனை வருசமும் காத்திருந்தது. அங்க நின்ன பெறவுதான் ஒண்ணு தெரிஞ்சுது. மேடையில நிக்கவனை யாரும் பாக்கதில்ல சார். மைக் ஸ்டாண்டு எப்பிடியோ அப்பிடி. பக்கவாட்டுக் கதவுல இருந்து ஒரே சிரிப்புச் சத்தம். எட்டிப் பாக்கேன், பட்டம் வாங்கப் போற பிள்ளைங்கள்லாம் ஜெபமணியச் சுத்தி நிக்குது. ஒருத்திக்கு அங்கிய நேராக்கி விடுதான். ஒருத்தனுக்குத் தொப்பி. ஒரு அம்மா அவனோட செல்ஃபி எடுக்கா. அந்தக் கதவுல நான் எத்தன வருசம் நின்னேன்? என்கூட செல்ஃபி வேண்டாம், ஒரு பிள்ளை சிரிச்சதுண்டா? அந்த எடத்துல அப்பிடி ஒரு வசதி இருக்கதை எனக்கு யாருமே சொல்லல.

சரி, அத விடுங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க படிச்சவங்க.

எங்க வீட்டுல மாசம் பொறந்தா ஜெபமணி வீட்டுக்குத் தூக்குவாளி போகுது. அதிரசம், முறுக்கு, எது செஞ்சாலும் மொதல்ல எடுத்து வைக்கது அவங்களுக்கு. எனக்கு எடுத்து வைக்குமுன்ன. எதுக்குன்னு கேட்டேன். நம்ம வீட்டுல உலை கொதிக்குதுன்னா அது அந்த அண்ணனாலங்கா. எப்பிடி இருக்கும் எனக்கு? நாப்பது பக்கம் எழுதினவன் நானு. அவன் மனுவையும் எழுதுனவன் நானு. உலையில அரிசி போட்டது அவனாம்.

போன மாசம், என்னதான் நடக்குதுன்னு பாத்துருவோம்னு நானும் கூடப் போனேன். ஜெபமணி எந்திரிச்சு அவன் நாற்காலிய எனக்குப் போட்டான். அண்ணாச்சி வந்துருக்காங்கன்னு உள்ள சத்தம் குடுத்தான், சந்தோசமாத்தான். நான் உக்காந்து வெத்தலை போட்டேன். சந்தனமாரி அடுக்களைக்குள்ள போயி, அவன் பெண்டாட்டி கையப் பிடிச்சுக்கிட்டு என்னமோ மெதுவாச் சொல்லிட்டு இருந்தா. ஜெபமணியும் தண்ணி எடுக்கப் போறேன்னு உள்ள போனான். அவன் என்னமோ வேண்டாம் தங்கச்சி, வேண்டாம் தங்கச்சின்னு சொல்லுத சத்தம் கேக்குது. நான் வெத்தலையத் துப்பிட்டு அடுக்களை வாசலுக்குப் போனேன்.

மூணு பேரும் பேச்சை நிப்பாட்டிட்டாங்க.

என்ன விசயம்னு கேட்டேன். ஒண்ணுமில்லைங்கா இவ. கண்ணு ஈரமா இருக்கு. ஒண்ணுமில்ல அண்ணாச்சிங்கான் அவன். அவன் பெண்டாட்டி அதிரசம் எடுத்து நீட்டுதா, எங்க வீட்டு அதிரசத்தை எனக்கே. திரும்பி வரும்போது பஸ்சுலயும் கேட்டேன். சன்னலப் பாத்துட்டே வாரா.

மூணு பேருக்கும் என்னமோ தெரியும் சார். நல்லா தெரியும். எனக்குத்தான் சொல்ல மாட்டேங்காங்க. என்னைய மட்டும் வெளிய நிப்பாட்டி வச்சு அவங்களுக்குள்ளயே வச்சுக்கிட்டாங்க. அவன்கூட இத்தனை வருசம் வேலை பாத்தவன் நான். என்னையும் சேத்துக்கிட்டா என்ன?